துருத்தி என்னும் தீவு

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்பதே அது. முன்னெல்லாம் இதற்கு விடை சொல்வதில் சிரமமே இல்லை. பாட்டி இருக்கும் ஊருக்குப் போவார்கள். சற்று வசதி படைத்தவர்கள் உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ போவார்கள். இப்பொழுதோ பிரயாண ஏற்பாடு செய்யும் கம்பெனிகள் பூகோளம் முழுவதையும் நம் கூடத்தில் கொண்டுவந்து பரப்பிவிடுகின்றன. அந்தப் படங்களிலெல்லாம் முதலிடம் வகிப்பவை கரிபியன் கடல் தீவுகள். வெண்மணல், நீலக்கடல், கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை, தென்னை நிழலில் ஒரு தூளி. மனித சஞ்சாரமே கிடையாது. "சந்தடியற்ற தீவு, கெடாத தீவு" என்று கீழே அச்சிட்டிருக்கும்.

அந்தத் தீவுகளை ஏளனம் செய்வது என் நோக்கம் அன்று. அவை அழகானவை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு அவற்றோடு இரண்டு விதத்தில் சொந்தம் உண்டு என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. முதலாவது, தீவு என்னும் பொருளையே தன் பழம்பெயராகக் கொண்ட சந்தடியற்ற ஊர் ஒன்று மாயூரத்துக்கு மேற்கே, ரயில் பாதையின் மேலேயே இருக்கிறது. இரண்டாவது, அந்தத் தூர தேசத்துத் தீவுகளில் சிலவற்றில் கரும்பு வெட்டிய கைகளில் பல, நம்முடைய தஞ்சைச் சீமையிலிருந்து போன கைகள். இந்த இரண்டு சொந்தங்களையும் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கலாம் என்பதே என் ஆசை.

அருவி இல்லாத குத்தாலம்

குத்தாலம் என்று சொன்னவுடனே பலர் எண்ணெய்க் கிண்ணத்தையும் துண்டையும் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அது தென்காசிக்கு அருகில் உள்ள குற்றாலம். நான் சொல்லும் குத்தாலத்தில் அருவியும் இல்லை, மலையும் இல்லை. குரங்குகள்கூட அவ்வளவாக இல்லை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் செல்லும் ரயிலில் ஏறினால் சிறிது நேரத்துக்கெல்லாம் வந்துவிடும் சிற்றூர் அது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டு பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் இப்பொழுது ஒரு தாலுகாவின் தலைநகரமாக இருக்கிறது. இப்படி ஜில்லா மாறி மாறி வந்தாலும் ஊர் மாறவில்லை. ஸ்டேஷனில் இறங்கினால் இரண்டு பக்கமும் வயல். கடைத்தெரு ஒன்று. அதைக் கடந்தால் கோயில். வடபால் காவிரி. அவ்வளவுதான் ஊர்.

தேவாரம் பாடிய மூவரும் இந்த ஊருக்கு வந்து பாடியிருக்கிறார்கள். அவர்கள் இதைக் குத்தாலம் என்று சொல்லவில்லை. திருத்துருத்தி என்றே சொன்னார்கள். துருத்தி என்றால் ஆற்றின் நடுவில் உள்ள திட்டு. ஆற்றிடைக்குறை என்று புலவர்கள் சொல்வது. திருவையாற்றுக்கு அருகில் உள்ள திருப்பூந்துருத்தியும் இதே சொல்லைப் பெற்ற ஊர்தான். காவிரி இரண்டு கிளையாகப் பிரிந்து ஓட, நடுவே நின்ற மேட்டில் ஒரு காலத்தில் கோயில் இருந்தது என்பதை இந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இன்று ஊரைச் சுற்றித் தண்ணீர் ஓடவில்லை. ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. தீவு கரையோடு சேர்ந்துவிட்டது. பெயர் மாத்திரம் பதிகங்களில் தீவாகவே நிற்கிறது.

திருஞானசம்பந்தர் இவ்வூரையும் ஆற்றுக்கு வடகரையில் உள்ள திருவேள்விக்குடியையும் சேர்த்து ஒரே பதிகமாகப் பாடினார். இறைவன் பகலில் துருத்தியிலும் இரவில் வேள்விக்குடியிலும் இருப்பதாக அதில் ஓர் அழகான கற்பனை உண்டு. பகலெல்லாம் தீவில் இருந்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் அக்கரை போய்ச் சேருகிறார்! ஓய்வு நாளை எப்படிக் கழிப்பது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல திட்டம் வேறு உண்டோ?

குத்தாலம் என்ற பெயர் ஒரு மரத்தினால் வந்தது. உத்தாலம் என்பது ஆத்தியில் ஒரு வகை. அதுவே இங்கே தலவிருட்சம். கதை இதுதான். பரத முனிவருக்குப் பெண்ணாகப் பிறந்த உமாதேவியை மணக்க விரும்பிய சிவபெருமான் நேரே வந்து கையைப் பிடித்தாராம். "என் தாய் தந்தையரைக் கேட்டு, முறைப்படி வந்து மணம் செய்துகொள்ள வேண்டும்" என்று அம்மை சொல்லிவிட்டாள். பெருமானும் அவள் சொன்னபடியே செய்தார். அதனால் அவருக்குச் 'சொன்னவாறு அறிவார்' என்று பெயர். பெண்ணின் சொல்லைக் கேட்டு நடந்ததற்காகவே பெயர் பெற்ற மாப்பிள்ளை இவர்! மணத்துக்கு வந்தபோது அவருக்கு நிழல் கொடுத்துக்கொண்டே கூட வந்தது உத்தால மரம். அந்த மரத்தையும் தம் பாதுகைகளையும் இங்கே விட்டுச் சென்றார் என்பார்கள்.

இந்தத் திருமணம் ஒரு கோயிலோடு முடிந்துவிடவில்லை. மாப்பிள்ளையை மாமனார் எதிர்கொண்டு அழைத்த இடம் எதிர்கொள்பாடி. மண வேள்வி நடந்த இடம் வேள்விக்குடி. திருமணம் நடந்த இடம் திருமணஞ்சேரி. காவிரிக்கு வடகரையில் வரிசையாக இருக்கும் இந்த ஊர்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம். திருமணஞ்சேரிக்கு இப்பொழுது நாடெங்கிலுமிருந்து கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைகளும் பெண்களும் மாலையும் கையுமாக வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் குத்தாலத்தை எட்டிப் பார்ப்பதில்லை. இது குத்தாலத்தின் துரதிர்ஷ்டமா, அதிர்ஷ்டமா என்பதை அங்கே ஒரு நாள் தங்கிப் பார்த்தவர்களே சொல்ல வேண்டும்.

கோயில் கற்றளி, சோழ அரசி செம்பியன் மாதேவியார் இந்தப் பக்கத்தில் எடுப்பித்த கோயில்களில் ஒன்று. செங்கல்லாக இருந்தவற்றைக் கல்லாக்குவதே அந்த அம்மையாரின் ஆயுட்கால விரதமாக இருந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் உடற்பிணி நீங்குவதற்காக நீராடிய குளம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்று பெரிய புராணம் கூறுகிறது. நடுப்பகலில் பிராகாரத்தைச் சுற்றி வந்தபோது என்னைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. புறாக்களின் சிறகு ஓசையும் எங்கோ ஒரு பசுவின் கழுத்து மணியும்தான் கேட்டன.

படித்துறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்க்கிறதுக்கு என்ன தம்பி இருக்கிறது? இருக்கிறதுக்கு நல்ல ஊர்," என்றார்.

எப்பொழுது போவது? என்ன செய்வது?

காவிரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் சித்திரை வைகாசியில் போகக் கூடாது. அப்பொழுது ஆறு வெறும் மணல். 1934-ஆம் ஆண்டு முதல் காவிரியின் சாவி மேட்டூரில் இருக்கிறது. அணையை ஜூன் மாதம் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். மழை பொய்த்த வருஷங்களில் அது தள்ளிப் போய்விடுகிறது. திறந்த தண்ணீர் கல்லணை வந்து, கிளை கிளையாகப் பிரிந்து, வயல் வயலாக ஏறி இறங்கி இங்கே வந்து சேரும். ஆடி மாதம் பதினெட்டாம் நாள் பெண்கள் ஆற்றுக்குப் படையல் போட்டு மஞ்சள் சரடு கட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் மாயூரத்துத் துலா ஸ்நானம். கடைசி நாள் கடைமுகம். தை மாதம் அறுவடை. அதற்குமுன் மார்கழிக் காலையில் கதிர் சாய்ந்த வயல்களின் மீது பனி படிந்திருக்கும் காட்சியை எந்தப் படத்திலும் எழுத முடியாது.

இரண்டு மூன்று நாள் தங்கக் கூடியவர்கள் மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ ஜாகை வைத்துக்கொண்டு சுற்றி வரலாம். தென்கிழக்கே சற்றுத் தூரத்தில் தேரழுந்தூர். கம்பன் பிறந்த ஊர். மேற்கே திருவாவடுதுறை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம்முடைய மாணாக்கராகிய சாமிநாதையருக்குத் தமிழ் கற்பித்த ஆதீனம் அங்கே இருக்கிறது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையும் அந்த ஊர்க்காரரே. அதற்கு அடுத்தாற்போல் நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்யும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறை வாசலில் நின்றால், புதிதாகக் கடைந்த வாத்தியத்தை ஒருவர் வாயில் வைத்துச் சுருதி பார்ப்பதைக் கேட்கலாம். இதற்கு டிக்கெட் கிடையாது.

கிழக்கே போனால் கடல்

குத்தாலத்திலிருந்து கிழக்கே மாயூரம் வந்து, அங்கிருந்து பஸ் ஏறினால் தரங்கம்பாடிக்குப் போய்விடலாம். அங்கேதான் நம் கதை கரிபியன் கடலைத் தொடுகிறது.

1620-ஆம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் தேசத்தாருக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டார்கள். 1706-இல் வந்த சீகன்பால்கு என்னும் பாதிரியார் அங்கே தமிழ் எழுத்துக்களை அச்சேற்றினார். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அதே டென்மார்க் தேசத்தாருக்குக் கரிபியன் கடலிலும் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்று மூன்று தீவுகள் இருந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். தீவுகளை 1917-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். இரண்டு விற்பனையிலும் அங்கே குடியிருந்த ஜனங்களுக்கு முடிவு செய்யும் உரிமை இல்லை. இந்த வகையில் தரங்கம்பாடியும் செயின்ட் ஜானும் ஒரே வீட்டில் வளர்ந்து, தனித்தனியே விலைபோன சகோதரிகள்.

இன்று அந்த செயின்ட் ஜான்தான் சந்தடியற்ற தீவுகளுள் பெயர் பெற்று விளங்குகிறது. அங்கே விமான நிலையம் கிடையாது. செயின்ட் தாமஸிலிருந்து படகில்தான் போக வேண்டும். 1956-ஆம் ஆண்டு ராக்ஃபெல்லர் குடும்பத்தார் வாங்கி அளித்த நிலத்தைக் கொண்டு அமெரிக்க அரசாங்கம் அங்கே தேசியப் பூங்கா அமைத்தது. தீவின் பாதிக்கு மேல் இப்பொழுது பூங்காவாகவே இருக்கிறது. காட்டுக்குள் நடந்தால் பழைய சர்க்கரை ஆலைகளின் சுவர்கள் கொடி படர்ந்து நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அழகு வேறு விதமாகத் தெரியும்.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் கடற்கரையில் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலையும் காண வேண்டும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்த கோயில் அது. கடல் அதன் முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதை அலைதடுப்புக் கற்களைக் கொண்டு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 2004-ஆம் வருஷத்துச் சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை.

காரைக்கால் கப்பல்கள்

தரங்கம்பாடிக்குச் சற்றுத் தெற்கே காரைக்கால். அது 1954 வரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. குத்தாலத்துப் பெரியவர் சொன்ன "இருக்கிறதுக்கு நல்ல ஊர்"களில் இருக்க முடியாமல் போனவர்களின் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது.

1848-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலை அடைந்த நீக்ரோ மக்களில் பலர் கரும்புத் தோட்டத்தில் பழைய எஜமானனிடம் கூலிக்கு நிற்க மறுத்தார்கள். ஆகவே தோட்ட முதலாளிகள் ஆளைத் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், கூலி உண்டு, துணி உண்டு, அரிசி உண்டு, காலம் முடிந்தால் இலவசமாகத் திரும்பி வரலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களும், கடன்பட்டவர்களும், பண்ணைக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்களும் நம்பிக் கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்தார்கள். ஆரெலி என்னும் கப்பல் 1853-ஆம் ஆண்டு மே மாதம் முதல் கூட்டத்தை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டு சென்றது. 1861-இல் பிரெஞ்சு அரசாங்கமும் ஆங்கில அரசாங்கமும் உடன்படிக்கை செய்துகொண்டதனால், ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சாவூர் போன்ற ஜில்லாக்களிலிருந்தும் ஆள் பிடிக்கச் சட்டபூர்வமான வழி ஏற்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்தும், பிறகு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1880-களின் முடிவுக்குள் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் கொண்டுபோகப்பட்டார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போகும் பாய்க்கப்பலில் ஏறக்குறைய மூன்று மாதப் பிரயாணம். குவாதலூப்புக்குப் போனவர்களில் தாய்நாடு திரும்பியவர்கள் ஒரு சிறு பகுதியினரே. பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே மடிந்தார்கள். அவர்களில் பலர் ஒப்பந்த காலம் முடியும் முன்பே மடிந்தார்கள்.

ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்துப் பாரதியார் கண்ணீர் வடித்துப் பாடினார். அந்தக் கவிதையைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கோகலே, மாளவியா, காந்தியடிகள் முதலியோர் இடைவிடாமல் போராடியதன் பயனாக ஒப்பந்தக் கூலி ஆள் சேர்ப்பு 1917-இல் நிறுத்தப்பட்டது. டென்மார்க் தேசத்தார் தீவுகளை விற்ற அதே வருஷம் அது.

அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று பிரெஞ்சு மொழியும் கிரியோல் மொழியும் பேசுகிறார்கள். தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பூசைப் பாட்டுக்களில் மாத்திரம், பொருள் தெரியாத நிலையிலும், ஒலி பிசகாமல் நிற்க முயல்கிறது. குவாதலூப்பில் காபெஸ்தேர் என்னும் ஊருக்கு அருகே சாங்கி என்ற இடத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாரியம்மனை 'மலியெமேன்' என்கிறார்கள். மதுரைவீரனும் பெயர் திரிந்து கூடவே நிற்கிறார். நாகூர் ஆண்டவரை 'நாகூர்மீரா' என்று அழைத்து, கொடிமரம் நட்டு, இந்துக்களே வழிபடுகிறார்கள். நாகூர் தர்காவுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் ஒரே மனத்துடன் போய் வந்த நம் காவிரிக்கரை ஜனங்களின் வழக்கம் கடல் கடந்தும் அழியவில்லை! மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு சேர்ந்த மசாலாவை அங்கே 'கொலொம்போ' என்கிறார்கள். அந்தக் குழம்பு இன்று அந்தத் தீவுகளின் எல்லா ஜாதி மக்களுக்கும் பொதுவான விருந்து உணவாகிவிட்டது. தீவுப் பெண்கள் விழா நாளில் தலையில் கட்டிக்கொள்ளும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மத்ராஸ்'.

காபெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இருக்க முடியாது. தீவிலே பிறந்த இந்திய வம்சத்தாருக்கு ஓட்டுரிமை இல்லை என்று அரசாங்கம் சொன்னபோது, 1904-ஆம் ஆண்டு அவர் வழக்குத் தொடுத்தார். பத்தொன்பது வருஷம் விடாமல் நடத்தினார். 1923-இல் அவர்களும் பிரெஞ்சுப் பிரஜைகளே என்பது நிலைநாட்டப்பட்டது. தில்லைக் கூத்தனின் பெயரைத் தாங்கிய ஒருவர், பூமியின் அந்தக் கோடியில் தம்முடைய ஜனங்களின் மானத்துக்காக நின்றார். 1952-இல் அவர் காலமானபோது நம் நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்?

கெடாத தீவு எது?

இனி, விடுமுறைக்கு அங்கே போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குவாதலூப்புக்குப் பாரிஸ் வழியாக ஆகாய விமானத்தில் போகலாம். ஐரோப்பாவுக்கு வாங்கிய விசா அங்கே தானாகவே செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் தீவுகளுக்கும் செல்லும்படியாகக் கேட்டு வாங்க வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பெரிய தீவில் கூட்டம் அதிகம். அமைதியை விரும்புகிறவர்கள் அங்கிருந்து படகேறி மரி கலாந்த் தீவுக்குப் போவார்கள். அங்கே இன்னும் கரும்பு விளைகிறது. மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றிச் செல்வதை இன்னும் காணலாம். பழைய காற்றாலைகளின் கோபுரங்கள் வயல்களின் நடுவே நிற்கின்றன. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அங்கே போனால், பூட்டிய மாட்டையும் வண்டிப் பாரத்தையும் பார்த்துவிட்டுப் பாஷை தெரியாமலே வண்டிக்காரரோடு பேச ஆரம்பித்துவிடுவார் என்று எண்ணுகிறேன்.

ஆனால் 'கெடாத தீவு' என்ற வார்த்தையை மாத்திரம் சற்று யோசித்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் வாழைத் தோட்டங்களுக்கு 1972 முதல் 1993 வரை குளோர்டெக்கோன் என்னும் பூச்சிமருந்தைத் தூவினார்கள். அமெரிக்கா 1970-களிலேயே கைவிட்ட விஷம் அது. மண்ணில் இறங்கியது இன்றும் மண்ணிலேயே இருக்கிறது. அங்குள்ள வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்தில் அந்த நஞ்சு இருப்பதாகப் பிரெஞ்சுப் பொதுச் சுகாதார அமைப்பின் பரிசோதனை காட்டியது. சில இடங்களில் மீன் பிடிக்கவும் தடை. 2011 முதல் அட்லாண்டிக் கடலிலிருந்து சர்காசம் என்னும் பழுப்புப் பாசி பெருந்திரளாக மிதந்து வந்து கரையில் ஒதுங்கி அழுகுகிறது. விளம்பரப் படங்களில் அந்த நாற்றம் தெரியாது.

பார்புடா என்னும் சிறு தீவின் கதையையும் கேளுங்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அங்குள்ள நீக்ரோ மக்கள் நிலத்தைப் பங்கு போடாமல், ஊர்ப் பொதுவில் வைத்தே அனுபவித்து வந்தார்கள். 2007-ஆம் ஆண்டு ஒரு சட்டம் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. தீவு சந்தடியில்லாமல் இருந்ததற்கு அதுவே காரணம். நிலத்தை விற்க முடியாதபோது ஹோட்டல் எப்படி வரும்? 2017 செப்டம்பரில் 'இர்மா' என்னும் பெரும்புயல் அடித்தது. வீடுகளெல்லாம் இடிந்தன. தீவு முழுவதையும் காலி செய்து ஜனங்களை அண்டைத் தீவாகிய ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்புவதற்குள் புதிய விமான ஓடுதளத்துக்கு வேலை தொடங்கிவிட்டது. பிறகு பொதுநிலச் சட்டத்தையும் மாற்றினார்கள். செல்வந்தர்களுக்கான உல்லாச மாளிகைகள் எழும்பலாயின. ஊரார் வழக்கு மன்றம் ஏறினார்கள். அமைதியை விலைக்கு வாங்க வந்தவர்கள், அமைதியை இத்தனை காலம் காத்துவந்தவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தார்கள் என்பதுதான் சுருக்கம்.

நம் துருத்தி

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. குத்தாலத்தின் அமைதியும் தானாக வந்ததன்று. வாய்க்கால் வெட்டியவர்கள், மதகு காத்தவர்கள், நாற்று நட்டவர்கள், கோயிலில் விளக்கேற்றியவர்கள் என்று ஆயிரம் வருஷத்து மனிதர்களின் உழைப்பில் விளைந்தது அது. அதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆற்று மணல் லாரிகளில் ஏறிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். பக்கத்துக் கதிராமங்கலத்தில் 2017-ஆம் ஆண்டு எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் தீப்பிடித்தது. ஊரார் மாதக் கணக்கில் போராடினார்கள். 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டசபை காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளை அது தடுக்கிறது. முன்பே தோண்டியவற்றைத் தடுக்கவில்லை. சட்டம் ஏட்டில் இருப்பதும், அதை நினைவூட்ட ஊரில் ஜனங்கள் இருப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் வயல் நிற்கும். பார்புடாவில் ஊர் காலியான சமயத்தில்தான் சட்டம் மாறியது என்பதை நாம் மறக்கலாகாது. நம் கிராமங்களிலும் வீட்டுக்கு ஒருவர் சென்னைக்கோ, சிங்கப்பூருக்கோ, அரபு நாட்டுக்கோ போய்விட்டார்கள். பூட்டிக் கிடக்கும் திண்ணைகள் பெருகிவருகின்றன.

ஆகையால் நேயர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். வசதி உள்ளவர்கள் கரிபியன் தீவுகளுக்குத் தாராளமாகப் போய் வரட்டும். போனால் வெண்மணலோடு திரும்பிவிடாமல், காபெஸ்தேருக்கும் ஒரு நடை போய், அந்த மாரியம்மன் சந்நிதியில் நின்றுவிட்டு வரட்டும். அங்கே வணங்குகிறவர்கள் நம் உறவினர்கள். அவர்களிலும் சிலர் முன்னோரின் ஊரைத் தேடிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். கப்பல் பதிவேட்டில் திரித்து எழுதப்பட்ட ஊர்ப்பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு காரைக்காலிலும் மாயூரத்திலும் விசாரிக்கிறார்கள். அப்படி ஒருவர் வந்து, "என் பாட்டனார் இந்த ஆற்றங்கரையிலிருந்துதான் போனாராம்" என்று சொன்னால், அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட ஆறும் வயலும் படித்துறையும் இருக்க வேண்டும்.

அதுவரையில், அடுத்த விடுமுறையில் மூன்று நாளை ஒதுக்கிக்கொண்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குத்தாலத்துக்குப் போய் வாருங்கள். ஆடியில் போனால் ஆற்றில் தண்ணீர் இருக்கும். பகலைத் துருத்தியில் கழித்துவிட்டு, மாலையில் அக்கரைக்குப் போய் வேள்விக்குடியில் விளக்கேற்றும் நேரத்தில் இருங்கள். ரயில் கட்டணம் மிகவும் சொற்பம். சாப்பாட்டு மூட்டை கட்டிக்கொண்டு போவது உசிதம்.